முதலாளி நடந்த நிரை

பயனீட்டாளர் அலுவலகம் என்பது, மனிதர்கள் கோபத்தோடு ஏறி வந்து களைப்போடு இறங்கிப் போகும் ஒரு மரப்படிக்கட்டு.

எங்கள் படிக்கட்டு தேயிலை மலை ஊரான பிரிஞ்சாங்கில், விதையும் உரமும் விற்கும் ஒரு சீனர் கடைக்கு மேலே இருந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் பாதிவரை அதன் உச்சியில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூரில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு, பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்துக்காக வாதாடும் வேலை. வருத்தம் இருந்தது; இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கவிதைக்குப் பழகிய காது வீண்போகவில்லை. படியேறும் சத்தத்தை வைத்தே வருகிறவரின் வழக்கைச் சொல்லிவிடுவேன். தடதடவென்று ஏறினால், பொருள் நேற்று வாங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தால், கடைக்காரர் சொந்தக்காரர்.

உங்கள் வீட்டிலும் ஒரே துவைப்பில் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிய சட்டை ஒன்று இருக்கும். "எடுத்துக்கிட்டுப் போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்று கடைக்காரர் சொல்ல, நாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று நீங்களும் பேசாமல் திரும்பியிருப்பீர்கள். அந்த உறவுமுறையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. விற்றவரையும் வாங்கியவரையும் கூப்பிட்டு, எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வோம். அவ்வளவுதான். என்னோடு வேலை செய்தவர் ஹாலிம் ஒருவர்தான். மலாய்க்காரர். அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். அதனால் ஹாலிம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அந்தப் பிள்ளைகளோடு வளர்ந்து, என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

ஒரு கால் கட்டை

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடதடவென்று ஏறி வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். தங்கை கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த காற்சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். வலது கால் செருப்பைத் தொட்டது. இடது கால் கணுக்காலைக் காட்டியது. தையல்காரரைக் கூப்பிட்டோம். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, ஆசிரியரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார் என்பது பிறகு நடந்த கதை. அதற்கு முன்னால், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவர் சொன்னது இது: "நம்ம ஊரு மேடும் பள்ளமும்தானே சார். மேட்டுப் பக்கம் இந்தக் கால வச்சு நின்னு போட்டோ எடுங்க, ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

பரமசிவத்தின் பம்பு

பரமசிவம் கியா பார்ம் பக்கம் முட்டைக்கோசு போடுகிறவர். ஓடையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு வாங்கினார். அது சத்தம் போட்டது, புகை விட்டது, தண்ணீர் மட்டும் விடவில்லை. விற்றவர் பெரிய கடைக்காரர். பத்து தரம் போயும் அவர் சொன்ன பதில், உனக்குப் போடத் தெரியவில்லை என்பதுதான்.

மேசையில் பேசி ஒன்றும் ஆகவில்லை. "அக்கா, பேசுனது போதும்லா. வித்தவர் கையாலயே ஓட்டட்டும்" என்றார் ஹாலிம். அடுத்த நாள் கடைக்காரரை ஓடைக்கரைக்கு அழைத்துப்போனோம். ஒரு வாளியை வைத்தோம். நீங்களே போட்டு இந்த வாளியை நிரப்புங்கள், நாங்கள் போய்விடுகிறோம் என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்தார், குழாயை ஆட்டினார், உதைத்தும் பார்த்தார். வாளியில் ஒரு தவளை வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதுவே எங்கள் அலுவலகத்தின் முறையாகிவிட்டது. வாயால் விற்றவர் கையால் காட்ட வேண்டும். மாலைக்குள் பரமசிவத்துக்கு வேறு பம்பு வந்தது. ஆனாலும் அந்தக் கடைக்காரர் கடைசிவரை தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. சேற்றுக் காலோடு எழுந்து நின்று சொன்னார்: "பம்பு நல்லாத்தான் வேல செய்யிது. தண்ணிதான் வர மாட்டேங்குது."

உட்காராத அஞ்சலை

அஞ்சலை ஏறி வந்ததை நான் கேட்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால். கையில் நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம்.

தேயிலைச் செடி இரவெல்லாம் பனியைக் குடித்துவிட்டு, காலையில் தன்னை உரசுகிறவர் மேலெல்லாம் அதைக் கொட்டும். அதனால் செடி வரிசைக்கு நடுவே நிரை நிரையாக நடந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து கால்வரை ரப்பர் பூசிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அஞ்சலை கொண்டுவந்தது அந்தத் துணியைத்தான். கடைக்காரர் மாணிக்கம் முதலாளியின் லோரி சனிக்கிழமைதோறும் அவளுடைய தோட்டத்துக்கு அரிசி, பருப்பு, மீன் டின் எல்லாம் கொண்டுபோகும். அந்த லோரியில், ஒரு சொட்டுகூட உள்ளே போகாது என்று சொல்லி விற்ற துணி. மடித்த இடத்திலெல்லாம் ரப்பர் பூச்சு வெடித்துப் போயிருந்தது. "கட்டிக்கிட்டு ஒரு நெர முடிக்கிறதுக்குள்ள கைலி தொடையில ஒட்டிக்கிது கிராணியம்மா" என்றாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரும் தோட்டத்துக்காரர்களுக்குக் கிராணிதான். நானும் கிராணியம்மா ஆனேன்.

நெஞ்சில் சளி கட்டி அவள் இரண்டு முறை தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மறுபடி ஈரத்தில் நின்று காய்ச்சலோடு வந்தால் மலை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவேன் என அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லியிருந்தார். புருஷன் இல்லை. லயத்து வீடு வேலை செய்கிறவருக்குத்தான். ஆக, அந்தத் துணி ஒழுகினால் வீடு போகும். இதை அவள் அழாமல் சொன்னாள். முதலில் உட்கார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள், தன் கைலியைத் தொட்டுப் பார்த்தாள். "வேணாம்மா. நேரா மலையிலேருந்து வர்றேன், ஈரமா இருக்கு. அடுத்து வர்றவங்க ஒக்கார வேணாமா?"

கற்பூரம்

மாணிக்கம் முதலாளி படியேறியபோது செருப்பு ஒவ்வொரு படியையும் அறைந்தது. வெள்ளை வேட்டி, விபூதி, சந்தனம். அஞ்சலையின் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பவர் அவர். அதனால் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். அவர் வந்ததும் உட்கார்ந்தார். அஞ்சலை மறுபடியும் கதவோரம் நின்றாள். இந்த முறை ஈரத்தால் அல்ல.

முள்ளில் கிழித்துக்கொண்டு வந்து என் சரக்கைக் குறை சொல்கிறாள் என்றார். கிழிசலைக் காட்டுங்கள் என்றேன். கிழிசல் இல்லை. உடனே அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் நல்ல சரக்குன்னு ஆத்தா முன்னால கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்றேன். பண்ணட்டுமா?" என்றார். உங்களில் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். எரியும் கற்பூரத்தை ஒருவர் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதற்குமேல் கேட்டால், கேட்பவள் சந்தேகப்படுவது கடைக்காரரை அல்ல, அம்மனை என்றாகிவிடும். கதவோரத்திலிருந்து, தரையைப் பார்த்தபடி, அஞ்சலைதான் பேசினாள்: "ஆத்தா அந்தத் துணியக் கட்டிக்கிட்டு மலையேறல மொதலாளி. நாந்தான் ஏறுனேன்."

லோரி நிற்காத சனிக்கிழமை

அந்த வாரம் முதலாளியின் லோரி அஞ்சலையின் லயத்தில் நிற்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போய் அடுத்த லயத்தில் நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. டவுனுக்கு நடந்து போய் அரிசி மூட்டையைச் சுமந்து வர முடியாது. பஸ் போகும் ரோட்டுக்கே மலையிறங்க வேண்டும். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி எங்கள் அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு பொம்பளைக்காக லயமே பட்டினியா கிடக்கணுமா கிராணியம்மா? கேஸ வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்றார். அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர்.

நானும் ஹாலிமும் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனோம். மூடுபனிக்குள் லயத்து வீடுகள் பாதி அழித்த எழுத்துப் போலத் தெரிந்தன. பொதுக் குழாயடியில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். அஞ்சலையின் குடம் மட்டும் வரிசைக்கு வெளியே, தனியாக இருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் அவளோடு பேசவும் இல்லை. வாபஸ் வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு ராக்கு, குழாயை இறுக்கி மூடிவிட்டுத் திரும்பினாள். ராக்குவின் இடுப்பிலும் அதே ரப்பர் துணிதான்; அதுவும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "சொல்லுடி. ஒங் கைலி காயறதுக்கு எங்க அடுப்பு அணையணுமா?"

முட்டைக்கோசுக்கு அடியில்

திரும்பும் வழியில் ஹாலிம் மோட்டாரைப் பிரிஞ்சாங்கில் நிறுத்தாமல் நேரே கியா பார்முக்கு விட்டார். பரமசிவம் கோசு வெட்டிக்கொண்டிருந்தார். ஹாலிம் கதையைச் சொல்லி முடித்தபோது, பரமசிவம் கேட்டது ஒன்றே ஒன்று: அரிசி என்ன அரிசி சாப்பிடுவார்கள்?

மறுநாள் மத்தியானம் அவருடைய பழைய லோரி லயத்தில் போய் நின்றது. மேலே முட்டைக்கோசு, அடியில் கம்போங் ராஜாவில் ஒரு கடையில் எடுத்த அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். கடையில் போட்ட விலைக்கே கொடுத்தார். கோசு சும்மா. பெண்கள் முதலில் கிட்ட வரவில்லை. மாணிக்கம் முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி மூடுபனியைப் பார்த்தார். கடைசியில் முதலில் வந்து பையை நீட்டியவள் ராக்கு. எதற்காக இவ்வளவு தூரம் வருகிறீர்கள், அஞ்சலை உங்களுக்குச் சொந்தமா என்று அவள் கேட்டாள். பரமசிவம் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சொந்தந்தான்மா. அவளுக்கு ஒழுகுற துணி வித்தாங்க, எனக்கு ஒழுகாத பம்பு வித்தாங்க."

ஒரு நிரை

திருவிழா நெருங்கியது. இந்த வருஷம் பரிவட்டத்தை யாருக்குக் கட்டுவது என்று லயத்தில் பேச்சு அடிபடுவதாக முதலாளியின் காதுக்குப் போயிருக்கிறது. அவர் ஆள் அனுப்பினார். வேலை தொடங்குவதற்கு முன், மலை அடிவாரத்தில் பெண்கள் சூடம் காட்டும் சின்ன அம்மன் கல்லுக்கு முன்னால், எல்லார் கண்ணெதிரிலும் சத்தியம் செய்யப்போகிறாராம். நானும் ஹாலிமும் விடியும்போதே அங்கே இருந்தோம். அவர் கற்பூரத்தை அணைத்துவிட்டால் அஞ்சலை முடிந்தாள். அதற்குப் பிறகு அந்த லயத்தில் அவளுக்கு யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

முதலாளி வெள்ளை வேட்டியோடு வந்தார். கையில் உறை பிரிக்காத புது ரப்பர் துணி ஒன்று. அதைப் பிரித்து, ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, மடிப்புப் படாத இடமாகப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் முத்துப்போல் உருண்டு நின்றது. "பாத்துக்குங்க. ஒழுகுதா?" என்று கேட்டுவிட்டு, கற்பூரத்தைக் கொளுத்தப் போனார். "நில்லுங்க" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அஞ்சலை வந்து, பிடித்திருந்தவரிடமிருந்து அந்தத் துணியை வாங்கிவிட்டாள். இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினாள். "கற்பூரம் எங்கயும் போயிராது மொதலாளி. டம்ளர் தண்ணியில நாங்க வேல செய்யல. இதக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு நெர நடந்துட்டு வாங்க. ஈரமில்லாம வந்தா, ஆத்தா கால்ல விழுறதுக்கு முன்னால ஒங்க கால்ல விழுறேன்." அவர் சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ராக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கட்டத் தெரியலன்னா நான் கட்டிவிடுறேன் மொதலாளி" என்றாள். அப்போதுதான் சிரிப்பு எழுந்தது. அது அவரோடு சேர்ந்த சிரிப்பு அல்ல.

கௌரவம் பொல்லாதது. வேட்டியின் மேல் துணியைக் கட்டிக்கொண்டு அவர் நிரைக்குள் இறங்கினார். இடுப்பளவு செடி இரண்டு பக்கமும் அவரை உரசியது. இலையிலிருந்து நீர் உதிரும் சத்தம் மட்டும் கேட்டது; மெல்லிய சரசரப்பு, யாரோ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடப்பதுபோல. நிரையின் பாதியில் அவர் நின்றார். காலை உதறினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பெண்களும் கூடையை முதுகில் மாட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் திரும்ப முடியாது. முழுதும் நடந்து, சுற்றி, கீழே வந்தார். துணியை அவிழ்த்தார். வேட்டி முழங்காலுக்கு மேலேவரை தோலோடு ஒட்டிக்கிடந்தது. பல் தந்தியடித்தது. கற்பூரக் கட்டி அம்மன் கல்லின் மேல் வைத்தபடியே இருந்தது. அதை எடுக்க அவர் கை போகவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிடந்த நீளமான பலகையில் அஞ்சலை போய் உட்கார்ந்தாள். என் கண் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஹாலிம் தெர்மஸிலிருந்து தேநீர் ஊற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் குடிக்காமல் முதலாளியிடம் நீட்டி, பலகையில் பக்கத்தில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "ஒக்காருங்க மொதலாளி. சூடாக் குடிங்க." முதலாளி தேநீரை வாங்கிக்கொண்டார். பலகையைப் பார்த்தார். வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "வேணாம்மா, நிக்கிறேன். ஈரமா இருக்கு."

பிறகு

அந்தச் சனிக்கிழமை லோரி நின்றது. ஒழுகிய துணியையெல்லாம் வாங்கிக்கொண்டு, கெட்டியான வேறு துணி கொடுத்தார்கள். அஞ்சலைக்கு மட்டுமல்ல, ராக்குவுக்கும், மலைக்குப் போகும் எல்லாப் பெண்களுக்கும். டிரசர் அவளைப் பற்றி எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, வீடு தங்கியது. பரமசிவம் கோசு வேலை இருக்கிறது என்று லயத்துக்கு லோரி விடுவதை நிறுத்திக்கொண்டார். திருவிழாவில் பரிவட்டம் மாணிக்கம் முதலாளிக்கே கட்டினார்கள். கட்டச் சொன்னவள் அஞ்சலைதானாம். எனக்கு அதில் மனத்தாங்கல். எதற்காக விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டேன். காலம் போய்விட்டது, இப்போது அந்தப் படிக்கட்டும் இல்லை, ஏறி வந்தவர்களில் பாதிப் பேரும் இல்லை. ஆனால் புதுத் துணியைத் தட்டிக் காட்டி, நிறை கூடையோடு என்னைத் தாண்டிப் போன அவள் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: "விட்டுக்கொடுக்கலம்மா. தலையில கட்டுனா என்ன, அவரு ஒரு நெர நடந்தாச்சு. இனிமே ஒவ்வொரு துணிய விக்கும்போதும் அவருக்குக் காலு குளிரும்."

இத்தனை ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: விற்றவர் நனையும்வரை உலகத்தில் எந்தத் துணியும் ஒழுகுவதில்லை.